கடிதம் கொடுத்த பிறகு ஏறும் சம்பளம்

ராஜினாமா கடிதம் கொடுக்கும்வரை இல்லாத பணம், கொடுத்த மறுநாள் எப்படியோ வந்துவிடுகிறது. வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொன்னவரை உட்கார வைத்து, “அவசரப்படாதே, சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், இங்கேயே இரு” என்று முதலாளி சொல்வதற்குப் பெயர் கவுண்டர் ஆஃபர். கோலாலம்பூர் பெரிய கம்பெனிகளில் நடக்கிற சமாச்சாரம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இருக்கட்டுமா, போகட்டுமா?” என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டுதுண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுதாக ஒரு முறை எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறியது. வீட்டில் பேசும்போது இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், நடுவே பழைய ஈயக்குட்டைகள், ஒரு கடைத்தெரு. எங்கள் தாத்தா காலத்தில் பால்மரம், அப்பா காலத்தில் செம்பனை. வேலை என்றால் தோட்டம், இல்லாவிட்டால் ஆலை, அதுவும் இல்லாவிட்டால் ஊரை விட்டே போக வேண்டும். 2011இல் ஈஜோக் பக்கம் லாத்தார் நெடுஞ்சாலை திறந்ததும் அந்த நிலைமை மாறியது. வீட்டைக் காலி செய்யாமலேயே ரவாங், ஷா ஆலாம் வரைக்கும் வேலைக்குப் போய்வர முடிகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு “வேறு இடம் கிடைத்துவிட்டது” என்று சொல்லும் தைரியம் வந்ததில் அந்தச் சாலைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

நான் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில் பத்தாண்டுக்கு மேல் கணக்கு வேலை பார்த்தேன். எல்சிசிஐ கணக்குப் படிப்பு முடித்த கையோடு சேர்ந்த இடம். லோரிகள் கொண்டுவரும் குலைகளின் எடைச்சீட்டு, வெளித்தோட்டக்காரர்களுக்குப் பட்டுவாடா, ஆலைத் தொழிலாளர்களின் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு, இபிஎஃப் சேமநிதி, பெர்கேசோ காப்புறுதி எல்லாம் என் மேசையில்தான். மாதக் கடைசி வந்தால் இரவு எட்டு, ஒன்பது ஆகும். ஆவியில் வெந்த பழத்தின் வாடை சேலைக்குள் ஏறி, வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் போகாது. அந்த வேலையை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கான எண்கள் கடைசியில் ஒரு சென் பிசகாமல் நேராவதைப் பார்ப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

எனக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை இருந்தது. இரண்டாம் கிராணியின், அதாவது எழுத்தரின், மேசை. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார்கள். வருஷங்கள் போயின. நாற்காலியில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்தோம், மேசைமேல் எடைச்சீட்டுக் கட்டுகள் ஏறின. அவர் பார்த்த வேலை முழுதும் என் பக்கம் வந்து சேர்ந்தது. ஆள் வேண்டும் என்று வாயாலும் கேட்டேன், எழுதியும் கேட்டேன். சம்பள உயர்வும் கேட்டேன். நிலைமை சரியில்லை, செம்பனை விலை இறங்கியிருக்கிறது, தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். விலை ஏறிய ஆண்டுகளிலும் பதில் மாறவில்லை. ஆலைக் கணக்கை எழுதுகிறவள் நானே என்பதால் எந்த மாதம் நிலைமை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஷா ஆலாமில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இங்கே வாங்கிய சம்பளம் 3,400 வெள்ளி (ரிங்கிட்), அங்கே 4,300 வெள்ளி. கணக்குப் பிரிவில் ஐந்து பேர், எனக்குமேல் தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர். கடிதம் கொடுத்தேன். மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் சொன்ன தொகையை நான் எதிர்பார்க்கவில்லை: 4,000 வெள்ளி.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பலரும் 4,300 பெரிதா, 4,000 பெரிதா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

புது வேலையில் கூடுவது 900 வெள்ளி. அதில் இபிஎஃப் நம் பங்கு 11 விழுக்காடு, 99 வெள்ளி போகும். கைக்கு வருவது 801. தினமும் ஷா ஆலாம் போய்வர டோல், பெட்ரோல், கார் தேய்மானம் என்று எப்படிச் சிக்கனமாகப் போட்டாலும் மாதம் 350 ஆகும் என்று கணக்கிட்டேன். மிச்சம் 451. பழைய இடத்திலேயே இருந்தால் கூடுவது 600, இபிஎஃப் 66 போக 534, மோட்டாரில் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடலாம். ஆக, கைக்காசுக் கணக்கில் கவுண்டர் ஆஃபர்தான் மாதம் 83 வெள்ளி மேல். இபிஎஃப்பைப் பார்த்தால் தலைகீழ்: முதலாளி பங்கு 13 விழுக்காட்டையும் சேர்த்தால் 4,300க்கு மாதம் 1,032, 4,000க்கு 960. அதில் புது இடம் 72 வெள்ளி மேல். இரண்டையும் தட்டிக் கழித்தால் ஏறக்குறைய சமம். வருமான வரியையும் பெர்கேசோவையும் இங்கே விட்டுவிட்டேன். அவை பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

பணத்தில் சேராத, ஆனால் பணம் பெறுமானமுள்ள சங்கதிகள் வேறு உண்டு. இவற்றைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. 1955 வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டுக்கு மேல் இருந்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 16 நாள். புதிதாகச் சேர்ந்தவருக்கு 8 நாள். மருத்துவ விடுப்பும் அப்படித்தான், 22 நாள் இருந்தது 14 ஆகிவிடும். ஆட்குறைப்பு நடந்தால் ஐந்தாண்டு தாண்டியவருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். இடம் மாறினால் அந்தச் சேவைக்காலம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

அப்புறம் அந்த 4,000 என்ற எண். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும் என்று திருத்தினார்கள். ஆனால் உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்கு ஓவர்டைம், ஓய்வுநாளிலும் பொதுவிடுமுறையிலும் வேலை செய்தால் கூடுதல் சம்பளம், ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை ஆகியவை சட்டப்படி கட்டாயமில்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. 3,900இலிருந்து 4,200க்குப் போகிற தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாதம் 500 வெள்ளி ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தவர், 300 வெள்ளி உயர்வு என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு வரும் காசு குறையத்தான் செய்யும். நான் புது நிறுவனத்தின் கடிதத்தில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். ஓவர்டைம் இருந்தது. விடுப்பு 14 நாள் போட்டிருந்தார்கள். ஆட்குறைப்பு பற்றி ஒன்றுமில்லை.

ஆக, பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் இருந்திருக்க வேண்டும். ஆலை பக்கத்தில், விடுப்பு அதிகம், சேவைக்காலம் பத்திரம், கைக்காசும் கொஞ்சம் மேல். என் வீட்டுக்காரரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கணக்குப்படி இங்கயே இருக்கலாம்தான். உனக்கு மனசு என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

மனசை விட்டுவிடுவோம், கடிதத்தை ஏன் எழுதினேன் என்று பார்த்தேன். சம்பளம் ஒரு காரணம்தான், முதல் காரணம் அதுவல்ல. அந்தக் காலி மேசைதான் முதல் காரணம். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்ப்பது என்பது ஏற்பாடாகவே நிலைத்துவிட்டது. இரண்டாவது, எனக்குமேல் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. என்னைப் பழக்கிய பெரிய கிராணியார் ஓய்வு பெற்ற பிறகு நானாகத்தான் தட்டுத் தடுமாறிச் செய்துகொண்டிருந்தேன். இன்னும் இருபது ஆண்டு இதே எடைச்சீட்டு, இதே செக்ரோல். சம்பளம் மூன்றாவதுதான்.

மேனேஜர் கொண்டுவந்தது என் மூன்றாவது காரணத்துக்கான பதில். அதனால் அவரிடம் முதல் காரணத்தைக் கேட்டேன்.

“அந்த மேசைக்கு ஆள் வருமா சார்?”

அவர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்ச நேரம் என் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அது ஹெட் ஆபீஸ் முடிவுமா. ஒனக்குச் சம்பளம் கூட்டித் தர என்னால வாங்கிட முடிஞ்சிருச்சி. ஆளு கேட்டா தரமாட்டாங்க.”

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் வேலைக்கு 4,000 வெள்ளி பெறுமானம் என்று ஒரே இரவில் அவர்களுக்குத் தோன்றிவிடவில்லை. நான் போய்விட்டால் மாதக் கணக்கு முடிக்க ஆள் கிடையாது. புது ஆளைத் தேடி, பழக்கி, அதுவரை தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி, அவருக்குத் தங்குமிடச் செலவு கொடுத்து என்று பார்த்தால் மாதம் 600 வெள்ளி கூட்டித் தருவது மலிவு. கவுண்டர் ஆஃபர் தருகிற முதலாளி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்தத் தொகை நம் இடத்தை நிரப்பும் செலவைப் பார்த்துப் போட்ட தொகை. நம் காரணத்தைக் கேட்டுப் போட்டதாக எடுத்துக்கொண்டால் முடிவு தவறிப்போகும்.

அதனால் எந்தக் கவுண்டர் ஆஃபரையும் ஏற்கக் கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆள்சேர்ப்பு முகவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் எல்லாம் சீக்கிரமே போய்விடுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். நாம் புது இடத்தில் சேர்ந்தால்தான் முகவருக்குக் கமிஷன் என்பதையும் அப்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் சித்தப்பாவின் கதையைச் சொல்கிறேன். அவர் வேறொரு ஆலையில் பாய்லர்மேன். செம்பனை ஆலைக்குப் பாய்லர்தான் உயிர். பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து ஆவி எடுத்தால்தான் குலை வேகும், இயந்திரம் ஓடும். அறுத்த குலையைப் போட்டு வைக்கவும் முடியாது, நேரம் ஆக ஆக எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலை இறங்கும். சான்றிதழ் உள்ளவர்தான் பாய்லரை இயக்க வேண்டும் என்பது சட்டம், அந்தச் சான்றிதழ் உள்ளவர்கள் எங்கள் வட்டாரத்தில் அதிகம் பேர் இல்லை. கோலசிலாங்கூர் பக்கம் இன்னோர் ஆலையில் அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவுக்கு அப்போது ஒரே ஒரு நெருக்கடிதான்: மூத்த மகன் பல்கலைக்கழகம் போகிறான், பணம் வேண்டும். மற்றபடி வேலை, கூட்டாளிகள், ஷிஃப்ட் எல்லாம் அவருக்குப் பிடித்ததுதான். அதோடு அவர் குடும்பம் இருந்தது ஆலை குவார்ட்டர்ஸில். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தோட்டத்திலும் ஆலையிலும் வேலை பார்க்கிற பலருக்குக் கூரையும் வேலையோடு சேர்ந்தது. ராஜினாமா கடிதம் என்றால் லோரி பிடித்து, சாமான் ஏற்றி, பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றி, மாமியாரின் மருந்து கிடைக்கும் கிளினிக்கை மாற்றி, வாடகைக்கு முன்பணம் கட்டி என்று அது வளர்ந்துகொண்டே போகும். சித்தப்பாவின் ஆலை அந்தப் புதுச் சம்பளத்துக்குச் சமமாகத் தருகிறேன் என்றது. அவருடைய காரணம் பணம், கிடைத்த பதிலும் பணம். ஏற்றுக்கொண்டார். “வாயால சொன்னா போதாது தம்பி, எழுதிக் குடுங்க” என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கினார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார், மகன் படித்து முடித்தான். அது சரியான முடிவு. அவரைப் பார்த்து யாராவது “உன்னை விலைக்கு வாங்கிவிட்டார்கள்” என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் விஷயத்தில் எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது அப்பா சொன்ன சொல். அப்பாவும் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். நான் கடிதம் கொடுத்துவிட்டேன் என்றதும் பசியாறிக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “பத்து வருஷத்துக்கு மேல சோறு போட்ட எடம்மா. கூட்டியும் தரேன்னு சொல்றாங்க. இன்னும் என்ன கேக்குற? நீ போயிட்டா அந்த வேலைய யாரு பாப்பா?”

அப்பா கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியையேதான் மேனேஜரும் கேட்டார். ஒரே கேள்வி முதலாளி வாயிலிருந்தும் தொழிலாளி வாயிலிருந்தும் வருகிறதே என்று அன்று வெகுநேரம் யோசித்தேன்.

எங்கள் பாட்டனார்கள் கங்காணி வழியாக வந்தவர்கள். கங்காணிக்குத் தன் ஆட்கள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்குகிற நாளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு உண்டு. ஆள் வேறு தோட்டத்துக்குப் போனால் அவருக்கு நஷ்டம். அதனால் போகிறேன் என்றவனைத் தடுக்க வேண்டிய தேவை தோட்டத்துக்கும் இருந்தது, கங்காணிக்கும் இருந்தது. கங்காணி சொந்த ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். அவரே லயத்துக்கு வந்து “கூட்டி வந்தவனை விட்டுட்டுப் போறியா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? 1938இல் இந்திய அரசு அந்த முறையில் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் போவது துரோகம் என்ற நினைப்பு வீட்டுக்குள் தங்கிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார். அதில் சம்பளக் கோரிக்கையோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். அந்தத் தலைமுறை அதைக் கேட்டது. பிறகு வந்த 1955 வேலைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வேலையை முடித்துக்கொள்ளத் தரும் நோட்டீஸ் காலம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்தாண்டுக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 8 வாரம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு. எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த வரி இதுதான். ஆலை என்னை அனுப்ப நினைத்தால் எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டுமோ, நான் போக நினைத்தாலும் அவ்வளவு நாள்தான். யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. வேலைக்குக் கூலி கொடுத்தார்கள், கூலிக்கு வேலை செய்தோம்.

நன்றி எனக்கு இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற பெரிய கிராணியாருக்கு இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அடித்துத் திருத்தக் கூடாது, தப்பை அப்படியே விட்டு அடுத்த வரியில் சரிசெய் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். எனக்குப் பிறகு வருகிறவர் திண்டாடக் கூடாது என்று நோட்டீஸ் காலம் முழுதும் உட்கார்ந்து, மாதக் கணக்கு முடிக்கும் முறையை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை எழுதி வைத்தேன். எந்த வெளித்தோட்டக்காரர் எந்தத் தேதியில் பணத்துக்கு வருவார், யாருடைய இபிஎஃப் எண்ணில் பெயர் வேறுமாதிரி இருக்கிறது என்பதுவரை அதில் இருந்தது. நான் பட்ட கடன் அந்தப் பெரியவரிடம்தான். அதை அடுத்து வருகிறவரிடம் அடைத்தேன். தலைமை அலுவலகத்துக்கு நான் பாக்கி ஒன்றும் வைக்கவில்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சட்டப்பிரிவு சொல்லி வாதாடவில்லை. “எனக்குப் பக்கத்து மேசைக்கு ஆள் கேட்டேன்பா, முடியாதுன்னுட்டாங்க” என்றேன். “காசு தராங்க, ஆள் தரமாட்டாங்களா?” என்று கேட்டார். “தரமாட்டாங்களாம்.” அப்பா கொஞ்சம் யோசித்தார். “அப்ப நீ போறதுதான் சரி. ரெண்டாளு வேலைய ஒத்தாளா செஞ்சா ஒடம்பு போயிரும்” என்றார். சுமை தூக்கும் காண்டாக் கம்பு கட்டித் தூக்கிய கையல்லவா, அவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, இதே இடத்தில் இப்போது நிற்கிற பிள்ளைகளுக்குச் சில நடைமுறைச் சங்கதிகள்.

இருப்பது என்று முடிவு செய்தால் எதுவும் வாயளவில் நிற்கக் கூடாது. எங்கள் ஆலையிலேயே ஒரு தம்பி, லேப்பில் வேலை பார்த்தவன், “அடுத்த மாசத்திலேர்ந்து 300 கூட்டிடுறோம்” என்ற பேச்சை நம்பி இருந்தான். சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவருக்கு எதுவும் தெரியாது, கோப்பிலும் எதுவும் இல்லை. செக்ரோலில் நான் ஏற்ற வேண்டுமானால் எனக்குக் கடிதம் வர வேண்டும், வரவே இல்லை. எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, அடிப்படைச் சம்பளத்திலா அலவன்ஸிலா, இது அடுத்த ஆண்டு உயர்வை முன்கூட்டிக் கொடுத்ததா அல்லது தனியா என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். பல இடங்களில் கவுண்டர் ஆஃபர் வாங்கியவருக்கு வருடாந்திர உயர்வு வரும்போது “உனக்குத்தான் அப்போதே கொடுத்தாயிற்றே” என்பார்கள்.

ராஜினாமா கடிதத்தைத் திரும்பப் பெற்றதற்கும் எழுத்து வேண்டும். கடிதம் கொடுத்த பிறகு நாமாக அதை இல்லையென்று ஆக்கிவிட முடியாது, முதலாளி சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் கோப்பில் இல்லாமல் நம் கடிதம் மட்டும் இருந்தால், நாலு மாதம் கழித்து நமக்குப் பதில் ஆள் கிடைத்ததும் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் தொகை கிடைக்காது. நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவுக்குப் போகலாம் என்றாலும், நம் கையெழுத்துப் போட்ட ராஜினாமா கடிதத்தை அங்கே எடுத்துக் காட்டுவார்கள்.

புது இடத்தின் கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களென்றால் அதையும் படியுங்கள். சேருவதற்கு முன் பின்வாங்கினால் ஈடு கட்ட வேண்டும் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். மனம் மாறியதை அவர்களிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். அங்கேயும் ஒரு மேசை காலியாகத்தான் இருக்கும், அதற்கும் ஒருவர் இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

போகிற எண்ணமே இல்லாமல், சம்பளம் கூட்ட வைக்கலாம் என்று ராஜினாமா கடிதத்தைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. “சரி, போ” என்று சொல்லிவிட்டால் போக வேண்டியதுதான். சின்ன ஊரில் அது எல்லா ஆலைக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். போவது உறுதி என்றால் 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஓடுவதையும் தவிர்க்கப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறதுதான். ஆனால் நாம் போட்டுவிட்டுப் போகிற வேலை மேனேஜர் தலையில் விழாது, பக்கத்து நாற்காலிக்காரர் தலையில்தான் விழும். எனக்கு அந்த அனுபவம் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் இருட்டோடு கிளம்புகிறேன். ஈஜோக்கில் மழை பெய்தால் நேரமாகிவிடும். மகளைப் பள்ளிக்கு அனுப்புவது இப்போது அம்மாவின் பொறுப்பு, அது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் எனக்குமேல் இருக்கிற கணக்காளர் நான் செய்த பதிவைப் பார்த்து, “இதை ஏன் இங்கே போட்டீங்க?” என்று கேட்கிறார். பல ஆண்டுகளாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஆலையில் என் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். முதல் மாதக் கணக்கு முடிக்க முடியாமல் தவித்ததும் தலைமை அலுவலகம் இரண்டாவது ஆளையும் எடுத்தது. பக்கத்து மேசையிலிருந்து கோப்புகளை இறக்கித் துடைத்தார்களாம், அந்தப் பெண்ணே போன் செய்து சொன்னாள். நான் கேட்டபோது கிடைக்காதது அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை. கிடைத்ததே என்று மகிழ்ச்சிதான்.

போன மாதம் அவள் மறுபடி கூப்பிட்டாள். ரவாங்கில் ஒரு வேலை வருகிறதாம், கடிதம் கொடுத்தால் இங்கே கூட்டித் தருவார்களா என்று கேட்டாள். நீ போக விரும்புகிறாயா என்று கேட்டேன். இல்லை அக்கா, இந்த வேலை பிடித்திருக்கிறது, சம்பளம்தான் பற்றவில்லை என்றாள். அப்படியானால் கடிதத்தை எழுதாதே, கோரிக்கையை எழுது என்றேன். அடுத்த ஆண்டு பட்ஜெட் போடும் நேரம் இதுதான், இப்போது எழுத்தில் கேட்டால் மேனேஜர் அதை அந்தக் கணக்கில் ஏற்ற வழியுண்டு, ஜனவரியில் கேட்டால் கைவிரிப்பார். ஆளில்லாமல் திணறிய மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்பிய ஆளுக்கு என்ன செலவானது என்பதும் உன் மேசையிலேயே இருக்கும், பார்த்துக்கொள் என்றேன். இருவருமாக உட்கார்ந்து அந்தக் கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதினோம். பெயர், பதவி, பார்க்கிற வேலைகள், கேட்கிற தொகை, பதில் வேண்டிய தேதி. திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள்.